வெங்கடாசலம் வீட்டு நுரை

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கவில்லை, சக்கரத்தில் தொடங்கவில்லை, நுரையில்தான் தொடங்கியது. இந்தப் பேருண்மையை 2005-ஆம் வருஷம் தை மாதத்தில், மரக்காணம் உப்பளத்து ஓரம் கழுவெளிமேட்டில் குடியிருந்த வெங்கடாசலம் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அதற்கு முந்தின நாள் வரைக்கும் அவர் சாப்பாட்டுக்கு உட்காரும்போது கையை லுங்கியில்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

உலகம் என்றால் அன்றைக்கு அவருடைய சம்சாரம் தெய்வநாயகி, மகள் பூஜா, மகன் பரத், இரண்டு ஆடு. ஆடுகள் மட்டும் கடைசிவரை நின்று கேட்டன, கட்டிப் போட்டிருந்ததால்.

வெங்கடாசலம் உப்புப் பாத்தி குத்தகைக்காரர். தொழில் அதுதான் என்றாலும் யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் தொண்டைச் சளியை ஒதுக்கிக்கொண்டு, "பொதுவாழ்க்கை" என்பார். கடலோர சுகாதார விழிப்புணர்வுப் பேரவை என்று ஒன்று வைத்திருந்தார். அதன் நிறுவனர், தலைவர், சிறப்புப் பேச்சாளர் எல்லாம் அவரே. செயலாளர் திண்டிவனத்தில் இருக்கும் மச்சான் தங்கராசு. பொருளாளர் தெய்வநாயகி. தான் பொருளாளர் என்பது தெய்வநாயகிக்குத் தெரியாது.

மார்கழியில் கடல் உள்ளே வந்துவிட்டுப் போனதில் அவருடைய பாத்தி முழுக்கச் சேறு. அதற்காக நிவாரணம் என்று ஒரு அட்டைப்பெட்டி வந்தது. எந்த நாட்டு மகராசி அனுப்பியதோ, உள்ளே காதை மூடும் கம்பளிக் குல்லா ஒன்று, கழுத்துக்குக் கட்டும் டை ஒன்று, அப்புறம் மேலே மூக்கு வைத்த ஒரு பிளாஸ்டிக் பாட்டில். குல்லாவை ஆட்டுக்குட்டி தின்றுவிட்டது. டை கட்டில் காலில் கட்டியாகிவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டுதான் பரத் காலையில் எழுந்துகொள்வான். பாட்டில் மிச்சம்.

வெங்கடாசலம் அதன் மூக்கை அமுக்கினார். புஸ்ஸென்று உள்ளங்கையில் வெள்ளையாக, பஞ்சு மிட்டாய் மாதிரி நுரை வந்து உட்கார்ந்தது. எலுமிச்சை வாசம். பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

வேறு ஊர்க்காரனுக்கு இதில் ஒன்றுமில்லை. கழுவெளிமேட்டுக்காரனுக்குத்தான் அது அதிசயம். அந்த ஊரில் போர் போட்டால் உப்புத்தண்ணி. அந்தத் தண்ணியில் எந்த சோப்பைத் தேய்த்தாலும் கூழாங்கல்லைத் தேய்க்கிற மாதிரிதான். ரொம்ப வற்புறுத்தினால் திரிந்த பால் மாதிரி ஏதோ வரும், நுரை வராது. நல்ல தண்ணி வேண்டுமென்றால் ஓடையைத் தாண்டி சவுக்குத் தோப்புக் கிணற்றுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதைக் கொண்டு வந்து கை கழுவ யாருக்கும் மனசு வராது. அப்படிப்பட்ட ஊரில், தண்ணியே இல்லாமல் ஒரு பாட்டில் தானாக நுரை கக்குகிறது.

பாட்டில் ஷோகேஸில் ஏறியது. டிவி பெட்டிக்கு மேலே, பரத்தின் முதல் மொட்டை போட்டோவுக்குப் பக்கத்தில். வீட்டுக்கு வருபவர்களை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு அமுக்கு அமுக்கி, உள்ளங்கையில் நுரை வைத்து, அது அடங்குகிற வரைக்கும் வெங்கடாசலம் சுகாதாரம் பற்றிப் பேசுவார். நுரை அடங்கிவிடும், பேச்சு அடங்காது. வந்தவர்கள் பிசுபிசுக்கிற கையோடு வேலியில் துடைத்துக்கொண்டு போவார்கள்.

வீட்டு ஆட்கள் மட்டும் அதைத் தொடக் கூடாது.

"நம்ம கை நமக்குத் தெரியாதா? அது வர்றவங்களுக்கு" என்பார்.

ஆனால் அவர் வாழ்க்கையில் நுரை ஒரு மாற்றத்தை உண்டாக்கியது நிஜம். தினமும் சாயங்காலம் பாத்தியிலிருந்து ஏறி, சிங்காரத்தின் டீக்கடையில் ஒரு டீ அடித்துவிட்டு வீட்டுக்கு வரும்போது ஆள் முழங்கால் வரைக்கும் சேறு போய்ச் சுத்தமாக இருந்தார். கையில் கமகமவென்று சந்தன வாசம். மனுசன் வழியில் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார், பக்தி வந்துவிட்டது என்று தெய்வநாயகி நினைத்துக்கொண்டாள். எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. கேட்டால் அது பற்றியும் பேசுவார்.

ஆவணியில் பாட்டில் தீர்ந்தது. அதே வாரம் குழாய்ச் சேதியும் வந்தது.

ஒரு தொண்டு நிறுவனம் பெருமுக்கல் பக்கத்திலிருந்து நல்ல தண்ணி இழுத்து வருகிறது. கழுவெளிமேட்டுக்கு ஒரே ஒரு குழாய். எங்கே வைப்பது என்று தீர்மானிக்க கீதாஞ்சலி என்ற மேடம் ஜீப்பில் வந்து, வேப்பமரத்தடியில் ஊரைக் கூட்டிச் சொன்னாள்: "யார் வாசல்ல கை கழுவுற பழக்கம் நிஜமா இருக்குதோ, அங்கதான் குழாய். அவங்கதான் அதைப் பார்த்துக்கணும். அவங்க பேரு கல்லுல வரும். வெள்ளிக்கிழமை வந்து பார்க்குறேன்."

கல்லில் பேர் என்றதும் வெங்கடாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தமிழில் எவ்வளவு பெரிய எழுத்து செதுக்க முடியும் என்று அப்போதே யோசனை ஓடியது.

தெய்வநாயகிக்குக் கல் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் குடத்தை டொம்மென்று வைத்தாள்.

"இந்தா பாருங்க. எனக்கு முட்டி போயிடுச்சு. இந்த ஓடையில எறங்கி ஏறி, எறங்கி ஏறி, ஆட்டுக்கு இருக்குற மரியாதகூட எனக்கு இல்ல. உங்க நுரையால இதுவரைக்கும் ஒரு பிரயோசனம் இல்ல. இப்ப அதை வெச்சு அந்தக் குழாயை நம்ம வாசலுக்குக் கொண்டாந்துடுங்க. நீங்க இன்னா பேசினாலும் அப்புறம் ஒக்காந்து கேக்குறேன்."

"ஒக்காந்து கேப்பியா?"

"கேக்குறேன்."

இப்படி ஒரு வாக்குறுதி அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து கிடைத்ததில்லை.

போட்டிக்கு இருந்தது சிங்காரம் ஒருவன்தான். டீக்கடைக்காரன். டீக்கு நல்ல தண்ணி வேண்டும் என்பதற்காக மூன்று சக்கர வண்டியில் டிரம் வைத்து இழுத்து வருகிறவன். கடை ஓரத்தில் அந்த டிரம்மும், பக்கத்துக் கம்பத்தில் வெங்காயம் வருகிற சிவப்பு வலைப்பைக்குள் ஒரு சோப்பும் தொங்கும். எவனும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகாமல் இருக்கத்தான் வலை, முடிச்சு எல்லாம்.

"கயித்துல தூக்கு போட்ட சோப்பு" என்று வெங்கடாசலம் சிரித்தார். "அந்தப் பொண்ணு படிச்சவ. நம்ம பாட்டிலப் பார்த்தா அங்கயே முடிவு பண்ணிடும்."

ஆனால் பாட்டில் காலி. வெள்ளிக்கிழமைக்குள் நிரப்ப வேண்டும், அதுவும் சிக்கனமாக. செலவு செய்து நிரப்ப எந்த முட்டாளாலும் முடியும், அதில் பொதுவாழ்க்கை எங்கே இருக்கிறது?

முதலில் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போனார். ஏசி போட்ட பெரிய கடையில், இதே பாட்டிலில் ஊற்றுகிற சோப்புத் தண்ணி பையில் அடைத்து விற்றார்கள். விலையைப் பார்த்தார். பையைத் திருப்பி, பின்பக்கம் வேறு விலை போட்டிருக்கிறதா என்று பார்த்தார். அங்கே நின்ற பையனிடம், "இது நம்ம கிளைமேட்டுக்கு ஒத்து வராதுப்பா" என்று சொல்லிவிட்டு, ஏசியில் கொஞ்ச நேரம் நின்று ஆறிவிட்டுத் திரும்பினார்.

அடுத்தது, வீட்டில் கிடந்த சோப்புத் துண்டுகளைத் துருவி, போர்த் தண்ணியில் காய்ச்சினார். தேங்காய்த் துருவியில் துருவினார். தண்ணி கொதித்ததும் சோப்பு கட்டி கட்டியாகத் திரண்டு மேலே மிதந்தது. பூஜா எட்டிப் பார்த்து, "அப்பா பன்னீர் செய்றாரு" என்றாள். தேங்காய்த் துருவிக்காகத் தெய்வநாயகி பேசியது இந்தக் கதைக்குத் தேவையில்லை. மறுநாள் சட்னி நுரைத்தது. அந்த வீட்டில் நுரைக்க வேண்டிய நேரத்தில் நுரைக்காதது எல்லாம் இப்படித்தான் வேறு எங்காவது போய் நுரைக்கும்.

கடைசியில் அந்தோணிசாமி வந்தான். மொபெட்டில் பின்னால் இரண்டு பக்கமும் கேன் கட்டி பினாயில், பிளீச்சிங் பவுடர், ஆசிட் எல்லாம் விற்கிறவன். அவனிடம் கை கழுவுகிற சோப்புத் தண்ணியும் லூஸில் இருந்தது. வெங்கடாசலம் ஒரு கேன் வாங்கி, மூடியைத் திறந்து சாய்த்துப் பார்த்தார். தண்ணியாக ஓடியது.

"ஏம்பா, ஏரியில மொண்டு வந்தியா?"

"அது அப்படித்தாங்க இருக்கும். நீங்க சொன்ன நுரை பாட்டிலுக்குத் தண்ணியாத்தான் ஊத்தணும். கெட்டியா இருந்தா மூக்கு இழுக்காது."

"தண்ணி கலந்தவனே தண்ணியா இருந்தாத்தான் நல்லதுன்னு சொல்ற. நான் எத்தினி பேரப் பார்த்திருக்கேன்."

"நானும் பார்த்துக்கிட்டுதாங்க இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அந்தோணிசாமி மொபெட்டை உதைத்தான்.

கலப்படம் என்றால் வெங்கடாசலத்துக்குக் கோபம் வரும். அதன் எல்லா வகையும் அவருக்குத் தெரியும், லாரி எடை போடுவதற்கு முன்னால் உப்பு மூட்டையில் தண்ணி தெளிப்பது உட்பட. ஒன்றில் தண்ணி சேர்ந்துவிட்டால் அதை எப்படிக் கெட்டியாக்குவது என்பதும் தெரியும். பாத்தியில் கடல் தண்ணி விட்டுக் காயவைத்தால் நாளுக்கு நாள் தண்ணி கனத்து, கடைசியில் உப்பாக நிற்கும். ஆக, எந்தத் தண்ணிக்கும் கெட்டித்தனம் கொடுப்பது உப்பு. இதுதான் அவர் கண்ட விஞ்ஞானம்.

தாம்பாளத்தில் அந்த சோப்புத் தண்ணியை ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வைத்தார். ஒரு காக்கா வந்து குடித்துவிட்டு, சாயங்காலம் வரைக்கும் வேப்பமரத்தில் உட்கார்ந்து ஒரு மாதிரியாகக் கத்திக்கொண்டிருந்தது. அவருக்குப் பொறுமை இல்லை. தாம்பாளத்தை இறக்கி, நேராகச் சொந்தப் பாத்தியின் உப்பு ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுக் கிண்டினார்.

ஆச்சரியம், கெட்டியாகிவிட்டது.

நிஜமாகவே கெட்டியானது. தண்ணியாக இருந்தது கரண்டியிலிருந்து தேன் மாதிரி இறங்கியது. வெங்கடாசலம் கரண்டியைத் தூக்கித் தூக்கி ஊற்றிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது, கொஞ்சம் நெகிழ்ச்சி, கொஞ்சம் சோப்பு.

"தெய்வா, இங்க வா. உப்பு. நம்ம உப்பு. வெள்ளைக்காரன் பாட்டிலுக்கு மரக்காணத்து உப்பு. சிக்கனத்துக்கு சிக்கனம், தரத்துக்குத் தரம்."

தெய்வநாயகி எட்டிப் பார்த்தாள். "கேசரி மாதிரி இருக்குது. அந்த மூக்குக்குள்ள ஏறுமா?"

"ஏறும்."

ஏறவில்லை. பாட்டிலில் ஊற்றி மூக்கை அமுக்கினால், வயிறு சரியில்லாதவன் பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி அடக்கமாக ஒரு சத்தம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. துடைப்பக்குச்சி விட்டுக் குடைந்தார். வாய் வைத்து ஊதினார். பேச முயன்றபோது உதட்டில் ஒரு குமிழ் வந்தது. அந்தப் பாட்டில் செய்ய வேண்டியதை அவரே செய்துகொண்டிருந்தார்.

"ஊறணும்" என்று முடிவு கட்டினார். "காலையில பாரு."

வெள்ளிக்கிழமை காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடி முன்னால் நின்று, 'சிக்கனமே சுகாதாரம்' என்ற தலைப்பில் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெய்வநாயகி அதற்குள் கிணற்றுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். குழம்பு கெட்டியாகிவிட்டால் எந்த மனுசியும் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். பாட்டிலில் இருந்ததில் பாதிக்கு மேல் பாத்திரம் தேய்க்கிற சட்டியில் கொட்டிவிட்டு, நல்ல தண்ணி ஊற்றிக் குலுக்கி, மூக்கை வெந்நீரில் அலசி மாட்டி வைத்தாள். புஸ்ஸென்றது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைப்பை மாற்றுவார், பேச்சு நீளும்.

கீதாஞ்சலி மேடம் வந்தாள். வெயிலில் வந்ததில் மூக்கு சிவந்திருந்தது. பின்னாலேயே ஊரில் பாதி வாசலில் நின்றது. சிங்காரமும் கல்லாவை விட்டுவிட்டு வந்து வேலியோரம் நின்றான்.

வெங்கடாசலம் பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார், பூரண கும்பம் மாதிரி. அமுக்குவதற்கு முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். அமுக்கினார். மேடத்தின் உள்ளங்கையில் வெள்ளை வெளேரென்று நுரை பூத்தது.

"அட" என்றாள் மேடம். "நல்லா இருக்குதே. தெய்வநாயகி அம்மா, தண்ணி இருக்குதா?"

தெய்வநாயகி செம்பில் நல்ல தண்ணியை ஊற்றினாள். மேடம் கையைக் கழுவி முகர்ந்தாள். முகத்தில் சிரிப்பு. வாசலில் நின்றவர்கள் சிங்காரத்தைப் பார்த்தார்கள். சிங்காரம் தரையைப் பார்த்தான். தெய்வநாயகி, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் குழாய் வரப்போகிற இடத்தைப் பார்த்தாள். குடம் வைக்க ஒரு மேடை கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இடத்தில் வெங்கடாசலம் வாயை மூடியிருந்தால் இன்றைக்கு அங்கே குழாய் இருந்திருக்கும்.

"இது பெரிய விஷயமில்ல மேடம்" என்றார். "ஊர்ல நெறய பேர் சோப்பு வாங்குறான், கரைக்கிறான். காசு கரையுது. நம்ம வீட்ல அப்படி இல்ல. சிக்கனமே சுகாதாரம். இப்ப இருக்குறது நானே தயார் பண்ணது. இதுக்கு முன்னாடி நிவாரணத்துல வந்த முதல் பாட்டில் எத்தினி மாசம் வந்துச்சுன்னு கேளுங்க."

"எத்தனை மாசம் சார்?"

"எட்டு மாசம்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. அதைப் பாராட்டு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"வீட்ல எத்தனை பேர் சார்?"

"நாலு பேர்."

"நாலு பேரும் இதுலதான் கை கழுவுவீங்களா?"

"சாப்பிடும் முன், சாப்பிட்ட பின், வெளிய போய்ட்டு வந்தா, ஆட்டைத் தொட்டா. ஒரு நாளைக்கு ஆளுக்குப் பத்து தடவைக்குக் கொறயாது."

மேடம் பாட்டிலைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பினாள். மனசுக்குள் ஏதோ கணக்கு ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்படின்னா இது பத்து நாள்ல தீர்ந்திருக்கணுமே சார்."

வெங்கடாசலம் சிரித்தார். பிறகு அந்தக் கணக்கு அவருக்கும் போய்ச் சேர்ந்தது. தெய்வநாயகி குழாய் வரப்போகிற இடத்திலிருந்து பார்வையை எடுத்து, ஓடைப் பக்கம் திருப்பினாள்.

"அமுக்குறதுல ஒரு முறை இருக்குது மேடம்" என்று ஆரம்பித்தார்.

"அது வர்றவங்களுக்கு மேடம்" என்றாள் பூஜா, உதவி செய்கிற நல்லெண்ணத்தில். "நாங்க தொட்டா அப்பா அடிப்பாரு."

"அடிப்பேன்னு சொல்லுவேன், அடிச்சதில்ல" என்றார் வெங்கடாசலம். இந்தத் திருத்தத்தால் நிலைமை முன்னேறவில்லை.

மேடம் பாட்டிலை மரியாதையாக அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, "உங்க கடையையும் பார்த்துடலாமா?" என்று சிங்காரத்திடம் கேட்டாள். ஊர் முழுக்கப் பின்னால் போனது. வெங்கடாசலமும் பாட்டிலோடு போனார். கீழே வைக்க மறந்துவிட்டார்.

டீக்கடைக் கம்பத்தில் சிவப்பு வலைப்பை தொங்கியது. மேடம் அதைக் கையில் எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். உள்ளே இருந்த சோப்பு தேய்ந்து தேய்ந்து மீன் செதில் மாதிரி ஆகியிருந்தது. அதன் வழியாக வெளிச்சம் தெரிந்தது.

"இது எப்ப போட்டீங்க?"

"போன வாரம் மேடம்" என்றான் சிங்காரம். அவனுக்குப் பேச வராது, டீ ஆற்றத்தான் வரும். "இன்னான்னே தெரியல. தை மாசத்துலேர்ந்து சோப்பு நிக்கவே மாட்டேங்குது. அதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டா ரெண்டு மாசம் கெடக்கும். இப்ப வாரம் ஒண்ணு தொங்க வுடுறேன். நான் பாட்டுக்கு அடுப்படியில நிக்கிறேன், எவன் வந்து தேய்க்கிறான்னு பார்க்குறதில்ல. டிரம்முல தண்ணியும் கொறயுது. எடுத்துடலாம்னு சம்சாரம் சொல்லுது. போனா போவுதுன்னு வுட்டுட்டேன்."

"எடுக்காதீங்க" என்றாள் மேடம். அவள் குரல் கொஞ்சம் இளகிவிட்டது. வேலை பார்க்கிற ஊர்களில் எல்லாம் இப்படித் தேய்ந்த ஒரு சோப்பைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "பாருங்க, இதுதான் பழக்கம். யாரும் பேசல, யாரும் காட்டல. வர்றவங்க போறவங்க கை கழுவுறாங்க. குழாய் இங்கதான்."

யாரோ கை தட்டினார்கள். சிங்காரத்தின் சம்சாரம், சோப்பை எடுத்துவிடச் சொன்னது தான் இல்லை என்கிற மாதிரி முன்னால் வந்து நின்றாள்.

வெங்கடாசலம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஊரே திரும்பிப் பார்த்தது. திறந்த வாயைப் பேசாமல் மூடினார். அவரைத் தெரிந்தவர்கள் யாரும் அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உடம்பு சரியில்லையோ என்று ஒருத்தர் கேட்டேவிட்டார்.

தெய்வநாயகி பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அந்த வலைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டப் போய், சும்மா தொட்டுப் பார்ப்பதுபோலத் தொட்டு, விரலை மூக்கில் வைத்தாள்.

"சந்தன சோப்பா அண்ணே?" என்று சிங்காரத்திடம் கேட்டாள்.

"ஆமாம்மா. எப்பவும் அதுதான்."

"தினம் சாயங்காலம் இவரு எந்தக் கோயிலுக்குப் போறாருன்னு எட்டு மாசமா யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் தெய்வநாயகி, யாரிடம் என்று இல்லாமல்.

வெங்கடாசலம் கையிலிருந்த பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தார். மூக்கு அமுங்கி, வெள்ளைச் சட்டையின் உள்ளே புஸ்ஸென்று நுரைத்தது. அதைக் கழுவ நல்ல தண்ணி டிரம்மில்தான் இருந்தது. அவர் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் குழாய் வந்துவிட்டது. கல்லில் சிங்காரம் பெயர் செதுக்கியிருக்கிறது. வெங்கடாசலம் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து. தெய்வநாயகி ஓடையில் இறங்கி ஏறுவது நின்றது. வாசலில் இல்லாவிட்டாலும் டீக்கடை பக்கம்தான், முட்டி தாங்குகிறது என்கிறாள். உட்கார்ந்து கேட்பதாகச் சொன்னது வாசலுக்குக் குழாய் வந்தால் மட்டும்தான் என்பதையும் தெளிவுபடுத்திவிட்டாள்.

பேரவையின் அடுத்த கூட்டத்தில், கழுவெளிமேட்டில் சுகாதாரப் பழக்கம் பரவியதற்குத் தன்னுடைய எட்டு மாத உழைப்புதான் காரணம் என்று தலைவர் பேசினார். அதில் பொய் இல்லை. சிங்காரத்தின் சோப்பில் கை கழுவியது ஊரில் அவர் ஒருவர்தான்.